தொலைவில் ஓர் உசாத்துணை

நூலகத்துள் நுழைவோர் அங்கே ஒரு மூலையில் 'உசாத்துணைப் பகுதி' என்று எழுதிய பலகையைக் காண்பர். அகராதி, கலைக்களஞ்சியம், ஆண்டு நூல் முதலாயின அங்கே அடுக்கப்பட்டிருக்கும். வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கொடாத நூல்கள் இருக்கும் இடம் என்பதே மாணவர் பலர் அப்பலகைக்குக் கொள்ளும் பொருள். சொல்லின் பொருளோ வேறு. உசாவுதல் என்பது வினாவுதல், ஆராய்தல், கலந்து சூழ்தல் என்னும் பொருள்களை உடையது. உள்ளத்தில் எழுந்த ஐயத்தை ஒளியாது சொல்லி, உடனிருந்து ஆராய்தற்குரிய உற்ற துணைவரையே நம் முன்னோர் உசாத்துணை என்றனர். ஆதலின், அப்பெயருக்கு உரியவர் நூலடுக்கின் அருகே இருக்கும் நூலகரே என்று கொள்ளுதல் பொருந்தும்.

அத்துணைவர் இன்று நம் எதிரே இருக்கவேண்டும் என்னும் நியதி இல்லை. மின்னஞ்சல் வாயிலாகவும், இணையத்தில் அவ்வப்போதே எழுதி உரையாடும் முறையாலும் வினாவை ஏற்று, நூலைப் புரட்டி, விடையை அனுப்பும் பணியை உலக நூலகங்கள் சில நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்து வருகின்றன. மின்வழி உசாத்துணைச் சேவை என்று அதனைச் சொல்லலாம். பழைய இலக்கண இலக்கியங்களோடு காலங்கழிக்கும் நான் இப்புதுப்பொருளைப்பற்றி எழுதப் புகுந்ததற்குக் காரணம் என்னுடைய பிழையொன்று. அதனை முதலிற் சொல்லிவிடுதலே முறை.

நான் சொன்ன விடை

பாலபண்டித வகுப்பில் என்னிடம் பாடங்கேட்ட பெண்ணொருவர் இப்பொழுது வன்னிப் பகுதியிலே தமிழாசிரியையாக இருக்கிறார். ஈழத்தவரின் பதிப்புப் பணிபற்றி ஓர் ஆய்வரங்கிற் படித்தற்கு அவர் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். ஓரிரவு தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, தாமோதரம்பிள்ளையவர்கள் தொல்காப்பியம் பதிப்பித்தது எந்த ஆண்டு?"

"1885, பிள்ளை" என்றேன்.

நூலைத் திறக்கவில்லை, மேற்கொண்டு ஒன்றும் கேட்கவுமில்லை. இத்தனை ஆண்டு பாடஞ்சொன்னவனுக்கு இதற்கும் ஒரு நூல் வேண்டுமோ என்ற எண்ணம் உள்ளே இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆய்வரங்கு நாளில் நானும் சபையில் இருந்தேன். சொல்லதிகாரத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையைப் பிள்ளையவர்கள் அச்சேற்றிய வரலாற்றை அவர் எடுத்துரைத்தார். அது 1885ஆம் ஆண்டு வெளிவந்தது என்றும் படித்தார். முன்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் எழுந்தார்.

"பிள்ளை, 1885 பொருளதிகாரம். நீர் சொல்லும் நூல் 1892இல் வந்தது. இந்த ஆண்டை உமக்கு ஆர் சொன்னது?"

சபையிற் சிலர் சிரித்தனர். அவர் நான் இருந்த பக்கம் திரும்பவில்லை. "என்னுடைய பிழை, ஐயா. திருத்திக்கொள்ளுறன்" என்று மாத்திரம் சொல்லி மேலே படித்தார். நான் எழுந்து, சொன்னவன் நானே என்று உரைத்திருத்தல் வேண்டும். உரைத்தேனல்லேன். சபை கலைந்தபின் அவரைக் காணாது வீடு சேர்ந்தேன்.

இருவாரத்தின் பின் அவரிடமிருந்து என் கைபேசிக்கு ஒரு மின்னஞ்சற் படி வந்தது. 'ஐயா, இதை ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ' என்ற ஒரு வரியே அவர் எழுதியது. கடல் கடந்த நாடொன்றில், தமிழ் நூற்றொகுதியுள்ள ஒரு நூலகத்தின் உசாத்துணைப் பகுதிக்கு அவர் என்னிடம் கேட்ட அதே வினாவை அதே சொற்களில் அனுப்பியிருந்தார். மறுநாள் அங்கிருந்து வந்தது விடையன்று, வினா. தொல்காப்பியத்தின் எந்த அதிகாரம்? எவருடைய உரை? ஆண்டு மட்டும் போதுமோ, நூலின் முகப்புப் பக்கமும் வேண்டுமோ? இதுவரை பார்த்த நூல்கள் எவை? எந்நாளுக்குள் வேண்டும்? அவர் விடை எழுதிய மூன்றாம் நாள் முழு மறுமொழி வந்து சேர்ந்தது.

சேனாவரையர் உரையோடு சொல்லதிகாரம் 1868, நச்சினார்க்கினியர் உரையென்று பொருளதிகாரம் 1885, அவருடைய உரையோடு எழுத்ததிகாரம் 1891, சொல்லதிகாரம் 1892. இவ்வாறு நான்கும் நிரல்பட எழுதப்பட்டிருந்தன. தம்மிடம் உள்ளவற்றின் முகப்புப் பக்கங்களைப் படமெடுத்து இணைத்திருந்தனர். இல்லாதவற்றுக்கு, அவற்றைக் குறிப்பிடும் நூற்பட்டியலின் பெயரும் பக்கமும் தந்திருந்தனர். கீழே ஒரு குறிப்பும் இருந்தது: 1885ஆம் ஆண்டுப் பதிப்பில் முழுவதும் நச்சினார்க்கினியர் உரையென்றே அச்சாயிற்று, பின்னியல்கள் சிலவற்றின் உரை பேராசிரியருடையது என்பதைப் பிற்கால அறிஞர் நிறுவினர், கட்டுரைக்கு வேண்டுமாயின் அதனையும் கருதுக.

தொல்காப்பியத்தை என்னிலும் மிகுதியாகக் கற்றவர் அந்நூலகர் என்று நான் எண்ணவில்லை. அவர் கற்றிருந்தது வேறொரு கலை. வினாவை எவ்வாறு வாங்குவது என்பது அக்கலை. என்னிடம் கேட்கப்பட்டதும் அவரிடம் கேட்கப்பட்டதும் ஒரே வாக்கியம். நான் வாக்கியத்துக்கு விடை கூறினேன். அவர் கேட்டவருக்கு விடை கூறினார்.

வினாவை வாங்கும் கலை

இக்கலையின் வரலாறு மின்னஞ்சலுக்கு மிக முற்பட்டது. அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரப் பொது நூலகத்தில் இருந்த சாமுவேல் கிறீன் என்பவர், 1876ஆம் ஆண்டு பிலடெல்பியாவிற் கூடிய நூலகர் மாநாட்டில் ஒரு கட்டுரை வழங்கினார். நூலகருக்கும் வாசகருக்கும் இடையிலான நேருறவே அதன் பொருள். வாசகர் கூச்சமின்றிக் கேட்கத்தக்கவராக நூலகர் இருத்தல் வேண்டும் என்பதும், பொருள் வாங்காமற் போகும் வாடிக்கையாளரைக் கண்டு வணிகர் வருந்துமாப்போல விடை பெறாமற் போகும் வாசகரைக் கண்டு நூலகர் வருந்தவேண்டும் என்பதும் அவர் கருத்து. நூல்களைக் காத்தலே நூலகர் தொழில் என்றிருந்த காலத்தில் இது புதிய கொள்கை.

1968இல் றொபேட் ரெயிலர் என்னும் அறிஞர் இதனை மேலும் ஆராய்ந்தார். அறியவேண்டும் என்ற வேட்கை நால்வகை நிலைகளைக் கடந்து வினாவாகின்றது என்பது அவர் முடிபு. முதலில் அது பெயரிட முடியாத ஒரு குறையாக உள்ளத்தே தோன்றும். பின் தெளிவில்லாத எண்ணமாகும். அதன்பின் சொல்வடிவம் பெறும். இறுதியில், இவரிடம் கேட்டால் இவ்வளவுதான் கிடைக்கும் என்று கேட்பவர் தாமே கருதிக் குறுக்கிய வடிவில் வெளிவரும். நூலகர் செவியில் விழுவது இந்நான்காவது மாத்திரமே. என் மாணவியின் உள்ளத்தில் இருந்தது சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியர் உரையும். இரவில் ஐயாவைக் கனக்க அலைக்கழிக்கக் கூடாதென்று அவர் வாயில் வந்தது 'தொல்காப்பியம்' என்ற ஒரு சொல். இதனை நான் உணர்ந்திலேன்.

நேரிலே கேட்பவரின் முகத்தை நூலகர் காண்பார். விடை பொருந்தாதாயின் நெற்றி சுருங்கும். பொருந்தின் கண் மலரும். தொலைவில் இருப்பவருக்கு முகம் இல்லை. ஆகையாற்றான் மின்வழிச் சேவையிலே வினாப்படிவம் ஒன்றை அமைத்தனர். என்ன வேண்டும், எதற்காக, இதுவரை எவற்றைப் பார்த்தீர், எந்நாளுக்குள் என்னும் கேள்விகள் அதிலே இருக்கும். முகத்திற் கண்டறிவதை எழுத்திற் கேட்டறியும் உபாயம் அது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் உசாத்துணைப் பிரிவினர் 1996இல் வகுத்த நூலகர் நடத்தை நெறிகளை 2004இல் திருத்தியபோது, தொலைவிலிருந்து கேட்போருக்கும் அவற்றை விரித்தமைத்தனர். வினா வந்து சேர்ந்ததென்று உடன் அறிவித்தல், தேடுகையில் இன்ன நிலையில் இருக்கிறோம் என்று தெரிவித்தல், முடிவில் விடை போதுமோ என்று கேட்டல் என்பவை நேரில் இயல்பாக நிகழ்வன. தொலைவிலோ முயன்று செய்யவேண்டியன.

கம்பிவழி வந்த வினாக்கள்

நியூயோர்க் பொது நூலகம் 1968இல் தொலைபேசி உசாத்துணைக்கென்றே ஒரு தனிப் பகுதியை நிறுவியது. 1984இல் போல்ற்றிமோர் நகரிலுள்ள மேரிலன்ட் பல்கலைக்கழகச் சுகாதார அறிவியல் நூலகம் கணினி அஞ்சல் வழியாக வினாக்களை ஏற்கத் தொடங்கியது. இவ்வகை முயற்சிகளுள் முற்பட்டதென்று நூலகவியலார் அதனைக் கூறுவர். 1995இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து நூலகவியல் மாணவரும் அவர்தம் ஆசிரியரும் சேர்ந்து, கட்டடமே இல்லாத ஒரு நூலகத்தை இணையத்தில் அமைத்தனர். இணையப் பொது நூலகம் என்பது அதன் பெயர். எந்த நாட்டிலிருந்தும் எவரும் வினாவலாம். மாணவரும் தொண்டர்களான நூலகரும் விடை எழுதுவர்.

2002இல் வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகமும், ஓசிஎல்சி என்னும் நூலகக் கூட்டுறவு நிறுவனமும் சேர்ந்து பல நாட்டு நூலகங்களை ஒரு வலையில் இணைத்தன. 'குவெஸ்சன்பொயின்ற்' என்பது அவ்வமைப்பின் பெயர். ஒரு நூலகத்தில் விடையில்லாத வினா, அப்பொருளில் வல்ல வேறொரு நூலகத்துக்குச் செல்லும். ஓரிடத்தில் நள்ளிரவாயின் பகலாயுள்ள இன்னோரிடத்து நூலகர் விடை தருவார்.

இவ்வமைப்புகள் எல்லாம் நிலைத்து வாழ்ந்தன என்று கொள்ளற்க. இணையப் பொது நூலகம் 2015இல் மூடப்பட்டது. குவெஸ்சன்பொயின்ற் 2019இல் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. வினாவுக்கு விடையிறுத்தல் நேரமும் ஊதியமும் வேண்டிய தொழில். நல்லெண்ணத்தை மாத்திரம் கொண்டு நெடுநாள் நடத்தல் அரிது. ஆயினும் தனித்தனி நூலகங்கள் பல இன்றும் மின்னஞ்சலில் வினாக்களை ஏற்கின்றன. வன்னியிலிருந்து சென்ற ஒரு வினாவுக்கு மறுமொழி கிடைத்தது அதற்குச் சான்று.

நால்வகை விடை

அந்த மின்னஞ்சலைப் பலமுறை படித்தபின் நான் மணிமேகலையின் இறுதிக் காதையைத் திறந்தேன். அறவண அடிகள் அங்கே வினாவுக்கு விடை கூறும் வகை நான்கென உரைக்கிறார். பலமுறை பாடஞ்சொன்ன பகுதிதான். அன்றுதான் அதனை எனக்கென்று படித்தேன்.

முதலாவது துணிந்து சொல்லல். தோன்றிய பொருள் அழியுமோ என்றால் அழியும் என்று ஒருதலையாகக் கூறலாம். ஒரு நகரின் தொலைவு, ஒரு சொல்லின் பொருள் முதலிய வினாக்கள் இவ்வகையின. நூலகர் நூலைக் கண்டு உடனே விடை தருவார்.

இரண்டாவது கூறிட்டு மொழிதல். இறந்தவர் பிறப்பாரோ என்று கேட்டால், பற்று அற்றவரோ அறாதவரோ என்று பிரித்து வெவ்வேறு விடை கூறவேண்டும். நான்கு பதிப்புக்கும் நான்கு ஆண்டு நிரல்பட எழுதியது இதுவே.

மூன்றாவது வினாவின் விடுத்தல். வித்து முந்தியதோ பனை முந்தியதோ என்று கேட்டால், எந்த வித்துக்கு எந்தப் பனை என்று திருப்பிக் கேட்டல். நன்னூலாரும் விடைவகை எட்டனுள் வினாதல் என ஒன்று கூறுவர். ஆனால் ஆண்டுச் 'செய்வாயோ' என்றார்க்குச் 'செய்யேனோ' என்பது உடன்பாட்டுப் பொருளே தரும். அறவண அடிகள் கூறுவதோ கேட்பவரின் வினாவையே தெளிவிப்பது. எந்த அதிகாரம், எவர் உரை என்று அந்நூலகர் கேட்டது இதன்பாற் படும். ரெயிலர் 1968இல் ஆராய்ந்ததும் இதனையே.

நான்காவது வாய்வாளாமை. ஆகாயத்துப் பூப் பழையதோ புதியதோ என்று கேட்டால் மறுமொழி கூறாதிருத்தல். இல்லாத பொருளுக்கு வயது சொல்லக்கூடாது. நூலகரின் மொழியிற் சொன்னால், சான்று கிடைக்கவில்லை என்று ஒளியாது எழுதுதல்.

மூன்றாம் வகையால் விடுக்கவேண்டிய வினாவை முதல்வகையால் விடுத்தேன் என்பது அப்போது எனக்கு விளங்கிற்று. நான் சொன்ன ஆண்டு பொய்யன்று. 1885இல் ஒரு தொல்காப்பியப் பதிப்பு வந்தது மெய். மெய்யான ஆண்டும் பிழையான விடையாதல் கூடும் என்பதே நான் கற்ற பாடம்.

ஆகாயப் பூ

2022ஆம் ஆண்டின் இறுதி தொட்டு, கேட்டவுடன் விடையெழுதும் செயற்கை நுண்ணறிவுக் கணினிகள் எங்கும் பரவிவிட்டன. மாணவர் பலர் நூலகரையும் ஆசிரியரையும் விடுத்து அவற்றையே வினாவுகின்றனர். அவற்றின் வேகமும் நடையும் வியக்கத்தக்கன. பயன் இல்லை என்று நான் சொல்லேன். ஆயின் அவை சிலவேளை இல்லாத நூலுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் பக்கமும் புனைந்து தருகின்றன. அத்தகைய நூல்களைத் தேடித்தருமாறு வாசகர் வந்து கேட்பதாக நூலகர் பலர் முறையிடுகின்றனர். ஆகாயப் பூவுக்கு வயது சொல்லும் செயல் இது.

பண்டிதர் சிலர் இதனைக் கேட்டு நகைக்கின்றனர். என்னால் நகைக்க முடியவில்லை. நூலைத் திறவாமல், திருப்பிக் கேளாமல், தயங்காமல் விடை சொன்னவன் நானுமல்லவோ? பொறியின் குறையென்று நாம் சொல்வது ஆசிரியர் கூட்டத்தின் பழைய குறையே. எதுவாயினும், விடையோடு சான்று வருகின்றதா, அச்சான்றைத் திறந்து பார்க்க முடிகின்றதா என்பதுதான் சோதனை.

எரிந்த நூலும் நெஞ்சின் நூலும்

எனக்கு நெஞ்சிலிருந்து விடை கூறும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்தேன். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு முயற்சியிலிருந்து வளர்ந்து, 1959இல் புதுக்கட்டடத்திற் குடிபுகுந்தது யாழ்ப்பாணப் பொது நூலகம். நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அதன் அமைப்புக்கு ஆலோசனை கூறினார். வாசகரின் நேரத்தைக் காத்தல் நூலகத்தின் கடன் என்று 1931இலேயே விதி வகுத்தவர் அவர். 1981 மே 31ஆம் நாளிரவு அந்நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின என்பர். அப்போது நான் சிறுவன்.

அதன்பின் எங்களுக்குப் பாடஞ்சொன்ன ஆசிரியர் நெஞ்சில் உள்ளதைக் கொண்டே சொன்னார். இடப்பெயர்வுக் காலத்தில் வீடுகளிலிருந்த ஏடும் நூலும் அழிந்தன. நூல் இல்லாத இடத்தில் நினைவே நூலகமாயிற்று. அவர் நினைவு எங்களைக் காத்தது. ஆனால் அவர் ஒவ்வொன்றைச் சொல்லும்போதும், "நூல் கிடைத்தால் ஒத்துப் பாருங்கோ" என்று முடிப்பார். அவர் நினைவிற் கொண்டதை நாங்கள் எடுத்துக்கொண்டோம். முடிவிற் சொன்னதை மறந்துபோனோம்.

இன்று நூல் கிடைக்கிறது. 2005இல் தொண்டர்களாற் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து எவரும் இலவசமாகப் படிக்க இணையத்தில் இட்டு வருகின்றது. மன்னாரிலிருப்பவரும் மலையகத்திலிருப்பவரும் ஒரே பக்கத்தைத் திறக்கலாம். ஆயினும், ஆயிரம் நூல்களின் நடுவே எதனைத் திறப்பது என்று அறியாத மாணவனுக்கு நூல்கள் இருந்தும் இல்லாதன போலும். அவனுக்கு வேண்டியது உசாத்துணை.

செய்யத்தக்கது

ஜப்பானின் தேசிய பாராளுமன்ற நூலகம் 2005ஆம் ஆண்டிலிருந்து ஒரு கூட்டு உசாத்துணைத் தரவுத்தளத்தை முறையாக நடத்துகின்றது. நாட்டிலுள்ள பொது நூலகங்களும் பல்கலைக்கழக நூலகங்களும் தமக்கு வந்த வினாவையும், தேடிய வழியையும், கண்ட விடையையும், பார்த்த நூல்களையும் அதிற் பதிகின்றன. விடை காணாத வினாக்களும் விடை காணாதன என்றே பதியப்படுகின்றன. அறிந்தவர் பிறர் பின்னர் உதவலாம். வாய்வாளாமையையும் பயனுடையதாக்கும் வழி இது.

நம்மிடத்தும் இதனைச் சிறிதாகத் தொடங்கலாம் என்பது என் துணிபு. பிராசீன பாடசாலைகளும், கல்வியியற் கல்லூரிகளும், பல்கலைக்கழக நூலகங்களும் கூடித் தமிழ்க் கல்விக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரியை ஏற்படுத்தட்டும். கிழமைக்கு ஒருவர் முறைவைத்து வினாக்களை ஏற்கட்டும். அவருக்குச் சிறிதேனும் வேதனம் கொடுத்தல் வேண்டும். இல்லையெனின் முயற்சி நிலைக்காது. திருப்பிக் கேளாமல் விடை எழுதலாகாது. நூல், பதிப்பு, பக்கம் சுட்டாமல் விடை அனுப்பலாகாது. தெரியாததைத் தெரியாதென்று எழுத நாணலாகாது. வினாவியவர் பெயரை நீக்கி வினாவையும் விடையையும் சேர்த்து வைத்தால், சில ஆண்டுகளில் அதுவே ஓர் அரிய நூலாகும்.

மாணவர் செய்யவேண்டிய பயிற்சியை நூலகர் செய்து கொடுத்துவிடுவாரே என்று அஞ்சுவோர் உளர். நல்ல உசாத்துணை கட்டுரை எழுதிக் கொடாது. கதவைக் காட்டி, திறவுகோலைக் கையிற் கொடுக்கும். என் மாணவி தம் கட்டுரையைத் தாமே திருத்தி எழுதினார். முன்னதிலும் அது சிறந்திருந்தது.

அவர் அனுப்பிய மின்னஞ்சலுக்கு நான் அன்றிரவே மறுமொழி எழுதினேன்: விடை சரி, உம்மிடம் பிழை சொன்னவன் நான், சபையில் நீர் காத்த பெயர் என்னுடையது. அவர் தொலைபேசியில் அழைத்தார். "அதை விடுங்கோ ஐயா. ஆனால் ஒரு சந்தேகம் இருக்கு. இலக்கண விளக்கம் பதிப்பிச்சது எந்த ஆண்டு?"

"எவருடைய பதிப்பு, பிள்ளை? எதற்காகக் கேட்கிறீர்? பொறும், நூலை எடுத்து வருகிறேன்" என்றேன். மறுமுனையில் அவர் சிரித்தது கேட்டது.

அன்று சபையில் எழுந்து சொல்லத் தவறியதை இன்று இப்பக்கத்தில் எழுதிவிட்டேன். ஆசிரியப் பெருமக்களும் நூலகப் பொறுப்பாளரும் இதனைச் சிந்தித்து ஆவன செய்வார்களாக.